க்ளாப் அடிக்காத ஷாட்

அன்புள்ள சார்,

எடிட்டிங் அறையில் நீங்கள் கழித்த வருடங்களைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். எனக்கு வயது 27. நான்கு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். இதற்கிடையே இரண்டு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு உதவி இயக்குநராகச் சேர ஆசை. வீட்டில் “நிலையில்லாத தொழில்” என்கிறார்கள். நண்பர்களோ “ஆர்வம் இருந்தால் போதும், குதித்துவிடு” என்கிறார்கள். ஏஐ வந்த பிறகு இந்தத் துறையில் வேலையே இருக்குமா என்ற பயமும் இருக்கிறது. என் படங்களின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். எனக்குத் திறமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டையும் பார்த்தேன். திறமை இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு நிமிடப் படத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிடுகிறவர் யாராவது கிடைத்தால் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

நான் கவனித்தது வேறு. இரண்டாவது படத்தில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் காட்சி. ஷாட் மாறும்போதெல்லாம் பின்னணியில் இருக்கும் இரைச்சல் பொசுக்கென்று நின்றுபோய்த் திரும்ப வருகிறது. எடிட்டிங் நீங்கள்தான் என்று டைட்டில் சொல்கிறது. அது காதில் விழவில்லையா, விழுந்தும் எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லையா? முதலாவது என்றால் கவலைப்பட வேண்டும். இரண்டாவது என்றால் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்டுவிடலாம்.

ஒரு இடத்தில் படப்பிடிப்பு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் எல்லோரையும் அப்படியே நிற்கச் சொல்வார். யாரும் வெளியே போகக் கூடாது, விளக்கையும் அணைக்கக் கூடாது. ஆட்கள் கலைந்துவிட்டால் அந்த அறையின் சத்தமே மாறிவிடும். யூனிட் மொத்தமும் சிலையாக நிற்க, முப்பது நொடியோ ஒரு நிமிடமோ வெறும் அமைதியைப் பதிவு செய்வார்கள். ரூம் டோன் என்று பெயர். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே விழும் ஓட்டையை எடிட்டர் இதை வைத்துத்தான் அடைக்கிறார். அந்த முப்பது நொடியில் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்க்கிறவர்களும் உண்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கே இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.

என் முதல் வேலை சின்க் செய்வது. படம் ஒரு கருவியிலும் ஒலி இன்னொரு கருவியிலும் பதிவாகி வரும். க்ளாப் கட்டைகள் மோதிக்கொள்ளும் ஃப்ரேமைத் தேடிப் பிடித்து, ஒலியில் ‘டக்’கென்று எழும்பும் முள்ளை அதன்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம். மூன்று நான்கு தள்ளிப்போனாலே உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். ஷாட்டின் தொடக்கத்தில் அடிக்க முடியாமல் போனால் முடிவில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள். ஒலியே பதிவாகாத ஷாட் என்றால் கட்டைகளுக்கு நடுவே விரலை விட்டுக் காட்டுவார்கள். ‘இங்கே சத்தத்தைத் தேடாதே’ என்று எங்களுக்கு வரும் சேதி அது.

ஒருநாள் முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் ஒரு ஷாட் வந்தது. யாரோ க்ளாப் அடிக்க மறந்துவிட்டார்கள். நீளமான ஷாட், நடிகர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார், உதடே தெரியவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, நடுவில் அவர் மேஜைமேல் டம்ளரை வைப்பது கண்ணில் பட்டது. டம்ளரின் அடி மேஜையைத் தொடும் ஃப்ரேமைப் பிடித்தேன். ஒலியில் அந்தச் சின்னத் தட்டலைப் பிடித்தேன். இரண்டும் பொருந்தின. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இந்தத் தொழிலிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

உதவி இயக்குநர் வேலை என்றதும் இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவது உங்கள் மனதில் ஓடுகிறது போல. திரைக்கதையின் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டில் ஒன்று, எட்டில் மூன்று என்று பிரித்து எந்த நாளில் எதை எடுக்க முடியும் என்று கணக்குப் போடுவதும், நாளை யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கால் ஷீட் எழுதுவதும், நேற்று நடிகரின் சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்று நினைவு வைத்திருப்பதும்தான் பாதி நாள். இதில் கடைசியானதற்கு உங்கள் டெஸ்டிங் கண் அப்படியே உதவும். ஓடிடி தளங்களுக்குப் படத்தை ஒப்படைக்கும் முன் ஃப்ரேம் விட்டுப்போயிருக்கிறதா, ஒலி வெடிக்கிறதா, சப்டைட்டில் பிசகுகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து முழுக்கப் பார்க்கிறார். அது நீங்கள் இப்போது செய்யும் வேலையின் தம்பி முறை.

வீட்டில் சொல்வது சரிதான். ஒரு படம் முடிந்தால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நிறுவனத்தில் 14 மாதம் உழைத்து, பேசிய சம்பளத்தில் பாதிதான் கையில் வந்தது. டைட்டிலில் பெயரும் இல்லை. கேட்கப் போனால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு வரி எழுத்துகூட இல்லை. ஆகவே எவ்வளவு சம்பளம், எத்தனை நாள், டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். முறையான ஒப்பந்தம் தராவிட்டால் மின்னஞ்சலாவது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்க்காமல் ராஜினாமாக் கடிதத்தில் கை வைக்காதீர்கள்.

ஏஐ பற்றி. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் முதல் கோரிக்கை என்றாலும் ஏஐயும் பெரிய சண்டையாக இருந்தது. நடிகரின் டிஜிட்டல் நகலை உருவாக்க அவரது சம்மதம் வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் ஏறியது. என் கவலை அடிமட்டத்தைப் பற்றியது. நான் பெருமையடித்த அந்த சின்க் வேலையை இன்று மென்பொருள் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. இரைச்சல் நீக்குவது, சப்டைட்டிலின் முதல் வரைவு, ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுப்பது எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன. இவை புதிதாக வருகிறவர்கள் தொழில் படித்த வேலைகள். ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டால் உங்கள் வயதுக்காரர்கள் எங்கே கால் வைத்து ஏறுவார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அந்தக் காட்சியில் அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போகும்போது இரண்டு நொடி யாரும் பேசவில்லை, நடை சத்தமும் இல்லை. அந்த இரண்டு நொடியை எடுத்து, ஒட்டு தெரியாமல் நீட்டி, ஓட்டைகளை அடைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.