துணைக்கு ஆள் இல்லாவிட்டால், கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் உயரத்து ஏரிகளுக்குத் தனியாகச் சென்று ஃப்ளை ஃபிஷிங் (பூச்சியைப் போலக் கட்டிய 'ஃப்ளை'யைத் தூண்டில் முனையில் வைத்து மீன்பிடிப்பது) செய்யலாமா?

செல்லலாம் என்பதே என் பதில். உடன் வருவதாகச் சொன்ன நண்பர் கடைசி வாரத்தில் பின்வாங்கிவிட்டார், ஆகஸ்டில் மூன்று இரவுகளுக்கான அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறது, வீட்டில் தயங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே நிலையில் நானும் இருந்தேன். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. மலைப் பழக்கமே இல்லாதவர்களைத் தனியாகக் கிளப்பிவிடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுமையோடு நடக்கவும், கூடாரத்தில் தங்கவும், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கவும் தெரிந்த ஒருவருக்கே இதைச் சொல்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் அப்படிப்பட்டவர் என்றே தெரிகிறது.

முதலில் ஏரியைத் தேர்ந்தெடுப்பது பற்றி. சியராவின் உயரத்து ஏரிகள் பெரும்பாலானவற்றில் இயற்கையாக மீன் இருந்ததில்லை. பனியாறுகள் குடைந்த பள்ளங்களுக்கும் கீழேயுள்ள ஆறுகளுக்கும் இடையில் அருவிகள் குறுக்கிட்டதால், குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீன்கள் மேலே ஏற வழி இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மனிதர்கள்தாம் கோவேறு கழுதைகளின் முதுகிலும், பிற்காலத்தில் விமானங்களிலும் மீன்களைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். தெற்கு சியராவின் கெர்ன் பீடபூமிக்கே உரிய கோல்டன் ட்ரவுட் என்ற வகையைச் சில மீன்களாக ஒரு காப்பிக் கெண்டியில் வைத்துக் காட்டன்வுட் ஓடைக்குக் கொண்டுவந்தது 1876இல். 1947இல் அதுவே கலிஃபோர்னியாவின் மாநில மீன் ஆனது.

இந்த வரலாறு இப்போது எதற்கு என்றால், அதன் மறுபக்கம் உங்கள் பயணத்தைத் தொடும். அந்த ஏரிகளில் வாழும் மஞ்சள் கால் மலைத்தவளையின் தலைப்பிரட்டைகள் தவளையாக மாற இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும்; ஆகையால் குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரிகள்தாம் அவற்றுக்கு வேண்டும். அதே ஏரிகளில் ட்ரவுட்டை விட்டதும் தவளைகள் அற்றுப்போயின. யோசெமிட்டி பூங்காவில் மீன் விடுவது 1991இல் நிறுத்தப்பட்டது. 2014இல் அந்தத் தவளை அழியும் நிலையிலுள்ள உயிரினமாகக் அமெரிக்கக் கூட்டரசின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தவளைகளுக்காகத் தேர்ந்தெடுத்த சில ஏரிகளிலிருந்து வலையிட்டு மீன்களை அகற்றுகிறார்கள். எனவே பழைய வழிகாட்டி நூலை நம்பி நடந்தால், இரண்டு நாள் ஏறிய பிறகு மீனே இல்லாத நீரின் முன் நிற்க நேரலாம். தூண்டில்காரனாக இருந்துகொண்டு மீனை அகற்றுவதை ஆதரிக்கிறாயே என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஆம், ஆதரிக்கிறேன், மீனுள்ள ஏரிகள் ஒரு வாழ்நாளில் சுற்றித் தீராத அளவுக்கு அங்கே மிச்சம் இருக்கின்றன.

மீன்பிடிப்பைப் பொறுத்தவரை, ஆற்றில் பழகிய கையை அங்கே கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கும். ஆற்றில் ட்ரவுட் ஒரே இடத்தில் நிற்கும், உணவு அதைத் தேடி வரும். ஏரியில் உணவு நிற்கும், மீன் சுற்றி வரும். ஏரியை அடைந்ததும் கோலைப் பொருத்திப் படபடவென்று வீசத் தொடங்குபவர், கரையோரமாகவே வந்துகொண்டிருக்கும் மீன்களை விரட்டிவிட்டு நடு ஏரியை நோக்கி வீசிக்கொண்டிருப்பார். நான் முதல் ஒரு மணி நேரம் தூண்டிலைத் தொடுவதில்லை. ஓடை வந்து விழும் இடம், நீர் வெளியேறும் வாய், வெளிர்மணல் திட்டு சட்டென்று கரும்பச்சையாக மாறும் விளிம்பு ஆகிய மூன்றையும் ஒரு பாறையின் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சுற்று இருப்பது தெரியவரும். அது திரும்பி வருவதற்குள் அதன் வழியில் ஃப்ளையை இறக்கிவைத்து அசையாமல் காத்திருப்பதுதான் வேலை. கோல், ரீல், ஃப்ளைகள் அடங்கிய ஒரு சிறு பெட்டி மூன்றும் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டாது. பகலில் காற்று மேலே அடித்துக்கொண்டுவரும் கறுப்பு எறும்பைப் போலக் கட்டிய ஃப்ளைகள் சிலவும், எல்க் மானின் உரோமத்தில், கேடிஸ் என்ற நீர்ப்பூச்சியைப் போலக் கட்டியவை சிலவும் இருந்தால் மற்றவை இல்லாமலே சமாளிக்கலாம்.

இனி, தனிமை. இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

தனியாகச் செல்லத் தொடங்கிய நான்காவது ஆண்டில், ஆகஸ்டு மாதம், தெற்கு சியராவில் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள ஓர் ஏரிக்குச் சென்றேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் பரவிய சிறு ஏரிகளின் கரைப்புல் இரண்டே கோடையில் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வழித்தடம் முடியும் இடத்தில், மரங்கள் இருக்கும் கீழ் ஏரியருகே கூடாரம் அடித்திருந்தேன். அங்கிருந்து மேலே இரண்டு கிலோமீட்டருக்குத் தடம் கிடையாது, சரிந்து குவிந்த கிரானைட் பாறைகள் மட்டும்தான். கோடையில் அந்த மலைகளில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், 12 மணிக்கு ஏரியை விட்டுவிடுவது என்று முதல் நாள் இரவே முடிவுசெய்திருந்தேன்.

காலையில் ஏழு மீன்கள் கிடைத்தன, எல்லாம் ஒரு சாண் அளவு. 11.45க்கு நீர் வெளியேறும் வாயருகே வேறொன்று வந்தது. முதலில் அதன் நிழல்தான் மணலில் தெரிந்தது, நிழலே முழங்கை நீளம் இருந்தது. பாறையைச் சுற்றிப்போன அது ஒன்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, என் ஃப்ளையின் அடியில் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. கேடிஸை எடுத்துவிட்டு எறும்பைக் கட்டினேன். அடுத்த சுற்றிலும் தொடவில்லை. தூண்டில் நரம்பின் முனையை இன்னும் மெல்லியதாக மாற்றினேன். 12 மணி ஆனது, 12.30 ஆனது, மேற்கு முகட்டில் மேகம் கட்டிக் கறுத்துக்கொண்டிருந்ததை நான் பார்க்காமலில்லை. உடன் ஒருவர் இருந்திருந்தால், 'போதும், வா' என்ற இரண்டு சொற்களில் விஷயம் முடிந்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்பது நிமிடம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1.20க்கு அது எறும்பை எடுத்தது. தண்ணீர் சிதறவே இல்லை. மூக்கின் நுனி மேலே வந்து வாய் திறந்து மூடியதும் எறும்பைக் காணோம். ஐந்து நிமிடத்தில் கரைக்கு அருகே கொண்டுவந்து, கையை நனைத்துக்கொண்டு நீருக்குள்ளேயே ஏந்தினேன். வயிறு செங்காவி நிறம், அதற்கு மேல் பொன்னிறம். விலாவில் கட்டைவிரல் ரேகை பதித்ததுபோல நீள்வட்டக் கறைகள் வரிசையாக இருந்தன. மற்ற ட்ரவுட்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் இழந்துவிடும் அந்தக் கறைகளைக் கோல்டன் கடைசிவரை வைத்திருக்கும். முள்ளின் பின்கூரை முன்பே அழுத்தி மழுக்கியிருந்ததால் ஒரு திருப்பில் கழன்றது. மீன் என் விரல்களுக்கிடையில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனது.

புகைப்படம் இல்லை. இதைச் சொன்னால் 'அப்படியானால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்' என்று நேருக்கு நேராகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், அது என்னை இன்றும் வருத்துகிறது. மீனை உலர்ந்த பாறையில் கிடத்தி, அருகில் கோலைச் சாய்த்துவைத்து, வெளிச்சம் பார்த்து, நான்கைந்து படம் எடுத்து, பிறகு 'விட்டுவிட்டேன்' என்று பெருமையாக எழுதுகிறார்கள். கண்டபடி கையாண்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்பு உரிந்துபோகும், நீருக்கு வெளியே அதனால் மூச்சுவிட முடியாது. அப்படி விடப்பட்ட மீன் அடியில் போய்ச் செத்தால் யாருக்குத் தெரியும்? உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், தனியாக இருக்கும்போது கைபேசியைப் பையிலேயே வைத்திருங்கள்.

அந்த மீன் போன சில நிமிடங்களில் முதல் இடி விழுந்தது. ஃப்ளை ஃபிஷிங் கோல் கார்பன் இழையால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தும். சுற்றிலும் மரமில்லாத ஏரிக்கரையில் ஒன்பதடிக் கோலைத் தூக்கிப் பிடித்து நிற்பவரைவிட உயரமான பொருள் வேறு எதுவும் இருக்காது. கோலைக் கழற்றி இறங்கத் தொடங்கியபோது ஆலங்கட்டி விழுந்தது. காலையில் ஒட்டிப் பிடித்த அதே கிரானைட் இப்போது சோப்புத் தடவியதுபோல வழுக்கியது. பாதி வழியில் நான் மிதித்த பாறை புரண்டது, இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது.

எழுந்து ஊன்றி நான்கு அடி வைக்க முடிந்தது, எலும்பைத் தொட்டுப் பார்த்தால் குறிப்பிட்ட இடத்தில் வலி இல்லை. ஆகவே சுளுக்கு என்று முடிவுசெய்தேன். மிச்சமிருந்த ஒரு கிலோமீட்டரை, பல இடங்களில் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடக்க மாலை 6 மணி ஆகிவிட்டது. கூடாரத்தை அடைந்ததும் செயற்கைக்கோள் கருவியில் என் மனைவிக்கு அனுப்பிய செய்தி இதுதான்: 'கணுக்கால் சுளுக்கு. கூடாரத்தில் இருக்கிறேன். உணவும் உடுப்பும் உள்ளன. ஒரு நாள் தாமதமாகும்.' அவரிடம் நான் விட்டுச்சென்ற தாளில் என் வழி, கூடாரமிடும் இடம், கார் நிற்கும் இடம் ஆகியவற்றோடு, எந்த நாள் எத்தனை மணிக்குள் நான் பேசாவிட்டால் அந்தக் கவுண்டியின் (மாவட்டத்தின்) காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதும் எழுதியிருந்தது. செய்தியைப் பார்த்த அவர் அந்த நேரத்தை 24 மணி நேரம் தள்ளிவைத்தார். மறுநாள் முழுவதும் காலை ஓடைநீரில் வைத்தும் எடுத்தும் படுத்துக்கிடந்தேன். அதற்கடுத்த நாள், இரண்டு ஊன்றுகோல்களின் துணையில் 9 கிலோமீட்டர் இறங்கினேன்.

செயற்கைக்கோள் கருவியின் உதவிப் பொத்தானை ஏன் அழுத்தவில்லை என்று கேட்பவர்களுக்கு: காலை ஊன்ற முடியாமல் போயிருந்தாலோ, ஈரத்தில் உடல் நடுங்கத் தொடங்கியிருந்தாலோ தயங்காமல் அழுத்தியிருப்பேன். அழுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. இன்னொருவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பவர்களுக்கு: கால் சுளுக்கியிருக்கலாம், சுளுக்காமலும் இருந்திருக்கலாம், 1.20 வரை அங்கே நின்றிருக்க மாட்டேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே உங்கள் முதல் தனிப் பயணத்துக்கு, வழித்தடத்தின் மேலேயே உள்ள, வேறு சிலரும் தங்கும் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். தடமில்லாத ஏரிகளை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவை வழித்தடம் தொடங்கும் இடத்திலேயே கழித்தால் உயரத்தால் வரும் தலைவலி குறையும். கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி, மீன்பிடி உரிமம், நெருப்பு மூட்டத் தடையுள்ள உயரம், அந்தந்த ஏரிக்குரிய தூண்டில் விதிகள் ஆகியவற்றை அனுமதிச் சீட்டு வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அவர்களுடைய தயக்கத்தில் பாதி அந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

என் வீட்டுத் தாளில் அந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு வரி கூடியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் 12 மணிக்கு, 'கிளம்பிவிட்டேன்' என்று ஏரிக்கரையிலிருந்து நான் செய்தி அனுப்ப வேண்டும். அதை அனுப்பிய பிறகு, எந்த மீன் வந்தாலும் கோலை மீண்டும் பொருத்துவதில்லை என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்று கோடைகளாக அதைக் காப்பாற்றி வருகிறேன்.