பளிச்சென்று மின்ன வேண்டியது ஏன் மங்கி மங்கி வருகிறது?

கேள்வி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் ஒரு லோகோ அனிமேஷன் செய்துகொண்டிருக்கிறேன். லோகோ மூன்று முறை மின்னி, கடைசியில் கேமரா ஃபிளாஷ் அடித்த மாதிரி திரை முழுக்க வெளுத்து, அதிலிருந்து எழுத்து வெளிவர வேண்டும். ஒபாசிட்டியில் (படம் எவ்வளவு தெரிகிறது என்ற அளவு) 100, 0 என்று கீஃப்ரேம் வைத்தால் மின்னாமல் மெல்ல மங்கித் தெளிகிறது. ஃபிளாஷுக்கு வெள்ளை லேயர் (மேலடுக்கு) போட்டாலோ சுவரில் சுண்ணாம்பு பூசிய மாதிரி இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் கீஃப்ரேம்களில், அதாவது இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்று நீங்கள் வைத்த குறிகளில், தவறில்லை. இரண்டு கீஃப்ரேம்களுக்கு நடுவில் உள்ளதை மென்பொருள் தானாக நிரப்பிவிடுகிறது, அதுதான் சிக்கல். 100லிருந்து 0க்குப் போகும் வழியில் 80, 60, 40 எல்லாம் வந்துவிடுவதால் கண்ணுக்கு அது மங்கலாகத் தெரிகிறது. லேயரைத் தேர்ந்தெடுத்து டி விசையைத் தட்டி ஒபாசிட்டியைத் திறங்கள். கீஃப்ரேம்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து 'டாகில் ஹோல்ட் கீஃப்ரேம்' கொடுங்கள். இனி ஒவ்வொரு மதிப்பும் அடுத்த கீஃப்ரேம் வரும்வரை அசையாமல் நிற்கும், பிறகு ஒரே ஃப்ரேமில் மாறும்.

இடைவெளியை விநாடியில் யோசிக்காமல் ஃப்ரேமில் எண்ணுங்கள். உங்கள் காம்போசிஷன், அதாவது இந்த அனிமேஷன் ஓடும் டைம்லைன், விநாடிக்கு 25 ஃப்ரேம் (தனிப்படம்) என்று வைத்துக்கொள்வோம். 5 ஃப்ரேம் எரிந்து 5 ஃப்ரேம் அணைந்தால் ஒரு சுற்றுக்கு 10 ஃப்ரேம், அதாவது விநாடிக்கு இரண்டரை முறை. 0, 5, 10, 15, 20, 25 ஆகிய ஃப்ரேம்களில் 100, 0 என்று மாறி மாறி வைத்தால் மூன்று மின்னல் முடிந்தது. மூன்று முறைக்கு இந்த ஆறு கீஃப்ரேம் போதும், எக்ஸ்பிரஷன் (மதிப்பைத் தானாக மாற்றும் சிறு நிரல்வரி) எதுவும் வேண்டாம். விநாடிக்கு இத்தனை முறை என்று முதலில் முடிவுசெய்துவிட்டு அதை ஃப்ரேமுக்குள் திணிக்கப் பார்த்தால், 25ஐ நான்கால் வகுப்பது போல மீதம் விழும். அப்போது ஒரு மின்னல் நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் வந்து தாளம் தப்பிவிடும்.

வீடியோ முழுக்கத் தொடர்ந்து மின்ன வேண்டிய விளக்கு என்றால் 'லூப்அவுட்' எக்ஸ்பிரஷன் கைகொடுக்கும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒபாசிட்டியின் ஸ்டாப்வாட்சைக் கிளிக் செய்தால் எக்ஸ்பிரஷன் பகுதி திறக்கும். அங்குள்ள சிறு அம்புக்குறி மெனுவில் 'ப்ராப்பர்ட்டி' என்பதற்குள் அது இருக்கிறது. இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 0வது ஃப்ரேமில் 100, 5வது ஃப்ரேமில் 0 என்று இரண்டே கீஃப்ரேம் வைத்து லூப் கொடுத்தால் விளக்கு அணையவே அணையாது. லூப் என்பது முதல் கீஃப்ரேமுக்கும் கடைசிக் கீஃப்ரேமுக்கும் இடைப்பட்டதைத்தான் திருப்பி ஓட்டும். 0 என்ற மதிப்பு தொடங்கும் இடத்திலேயே சுற்று முடிந்துவிடுகிறது. 10வது ஃப்ரேமில் மீண்டும் ஒரு 100 வையுங்கள், அணைந்திருக்கும் நேரம் அதனால்தான் கிடைக்கும்.

'ஸ்ட்ரோப் லைட்' என்று ஆயத்தமான எஃபெக்ட் ஒன்றும் 'ஸ்டைலைஸ்' பட்டியலில் இருக்கிறது. அதன் அளவுகள் விநாடிக் கணக்கில் இருப்பதால், ஃப்ரேமோடு ஒட்ட வைப்பது தொல்லை. மாதிரி காட்டுவதற்கு அது போதும். இறுதி வேலைக்கு நான் அதைத் தொடுவதில்லை.

இப்போது அந்தச் சுண்ணாம்பு. வெள்ளை லேயரைப் பாதி ஒபாசிட்டியில் போட்டால் கறுப்பான இடங்களும் சேர்ந்து வெளுத்து, படம் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். உண்மையான ஃபிளாஷ் அப்படி நடந்துகொள்வதில்லை. வெளிச்சமான இடங்கள் முதலில் எரிந்து வெளுக்கும், அடர்ந்த கறுப்பு கறுப்பாகவே நிற்கும். அதனால் மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (தனக்குக் கீழே உள்ள எல்லா லேயரையும் மாற்றும் லேயர்) வைத்து 'எக்ஸ்போஷர்' எஃபெக்ட் போடுங்கள். அதன் மதிப்பு ஒன்று கூடினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், 4 என்றால் பதினாறு மடங்கு. ஆனால் முழுக் கறுப்பை எத்தனை மடங்கு பெருக்கினாலும் கறுப்புதானே? நீங்கள் கேட்பது போலத் திரை முழுக்க வெளுக்க, அதற்கும் மேலே ஒரு வெள்ளை சாலிட் (ஒரே நிறத்தாலான லேயர்) வைத்து, பிளெண்டிங் மோடை, அதாவது கீழுள்ள படத்தோடு அது கலக்கும் முறையை, 'ஆட்' ஆக்குங்கள். இரண்டும் சேர்ந்துதான் ஃபிளாஷ்.

நான் வைக்கும் கணக்கு இது. ஃபிளாஷுக்கு முந்தைய ஃப்ரேமில் சாலிட்டின் ஒபாசிட்டி, எக்ஸ்போஷர் இரண்டும் 0, ஹோல்ட் கீஃப்ரேம். அடுத்த ஃப்ரேமில் சாலிட் 100, எக்ஸ்போஷர் 4. சாலிட் 2 ஃப்ரேம் அப்படியே நின்று, அடுத்த 4 ஃப்ரேமில் 0க்கு இறங்கிவிடும். எக்ஸ்போஷர் மட்டும் 12 ஃப்ரேம் எடுத்துக்கொண்டு மெல்ல அடங்கும். வெள்ளை சட்டென்று விலகியதும் உள்ளே எழுத்து இன்னும் தகதகத்துக்கொண்டிருக்கும், பிறகு தன் நிறத்துக்கு வரும். எக்ஸ்போஷரின் கடைசிக் கீஃப்ரேமில் ஷிஃப்ட்-எஃப்9 தட்டுங்கள், முதலில் வேகமாகவும் முடிவில் நிதானமாகவும் இறங்கும். ஏறுவது ஒரே ஃப்ரேம், இறங்குவது பல ஃப்ரேம். இந்தச் சமனின்மைதான் கண்ணுக்கு 'ஃபிளாஷ்' என்று சொல்கிறது. மூன்றாவது மின்னலுக்கும் இதற்கும் நடுவில் ஒரு 15 ஃப்ரேம் திரையை இருட்டாக விடுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அதே வெள்ளை இன்னும் கூசும்.

வெள்ளையை ஒரே ஃப்ரேமில் முடிக்காமல் 2 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 50 ஃப்ரேமில் செய்த ஒரு வேலையை 25இல் ஏற்றுமதி செய்தபோது, ஒன்றுவிட்டு ஒன்றாக ஃப்ரேம்கள் விழுந்து, நான் வைத்திருந்த ஒற்றை ஃப்ரேம் ஃபிளாஷ் சுத்தமாகக் காணாமல் போயிற்று. பார்வைக்கு அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். அன்றிலிருந்து ஏற்றுமதியான கோப்பைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, பேஜ் டவுன் விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. குறைந்த பிட்ரேட்டில் (விநாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) ஏற்றினால் ஃபிளாஷை ஒட்டிய ஃப்ரேம்களில் கட்டம் கட்டமாக உடைந்திருப்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறி மின்னின. அதைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி, எந்த ஒரு விநாடிக்குள்ளும் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்கிறது. திரையில் மிகச் சிறிய இடத்தில் மின்னுவதற்கு விலக்கு உண்டு. உங்கள் ஃபிளாஷோ திரை முழுக்க வருகிறது, அதனால் மூன்றைத் தாண்ட வேண்டாம். மேலே சொன்ன 10 ஃப்ரேம் சுற்று இந்த வரம்புக்குள் அடங்கும். வாடிக்கையாளர் 'இன்னும் வேகமாக' என்று கேட்டால், எண்ணிக்கையைக் கூட்டாமல் ஃபிளாஷின் இறங்குமுகத்தை 12 ஃப்ரேமிலிருந்து 6 ஆக்கிக் காட்டுங்கள். பெரும்பாலும் அவர் கேட்பது அந்தத் துள்ளலைத்தான்.

லோகோவின் நிறத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. அடர்சிவப்பு என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்த வழிகாட்டி சிவப்பு மின்னலுக்குத் தனி வரம்பே வைத்திருக்கிறது. சிவப்பை அசையாமல் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வரைந்து அதை மட்டும் மின்ன விடுங்கள்.