புற்றுநோய் இறப்பு அதிகமுள்ள பகுதி என்றால் ஊர் மாற வேண்டுமா?

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 64. ஓய்வுக்காலத்தை எங்கே கழிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். 65 வயதைக் கடந்தவர்களின் புற்றுநோய் இறப்பு விகிதத்தை வட்டாரவாரியாகக் காட்டும் வரைபடம் ஒன்றை மகள் அனுப்பினாள். நாங்கள் இப்போது வசிக்கும் பகுதி அதில் அடர் சிவப்பு. முப்பது ஆண்டுகளாக இறப்புகள் ஏறிக்கொண்டே வந்திருப்பதாகவும் கீழே குறிப்பு இருந்தது. நாங்கள் போக நினைக்கும் பகுதி வெளிர் மஞ்சள். என் அண்ணன் கணையப் புற்றுநோயில் இறந்தவர். அதனால் இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. இடம் மாறினால் எங்கள் ஆபத்து குறையுமா?

பதில்: வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து வீட்டைக் காலி செய்ய வேண்டாம். அதற்காக அந்தப் படத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்டால், அதிலிருந்து உங்களுக்குப் பயன்படும் சில செய்திகள் கிடைக்கும்.

முதலில் அண்ணனைப் பற்றி. உடன்பிறந்தவருக்குக் கணையப் புற்றுநோய் வந்திருந்தால் உங்களுக்கான ஆபத்து ஓரளவு கூடுதல்தான். அதற்கும் வரைபடத்துக்கும் தொடர்பில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே வரும். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டி, மரபணு ஆலோசனை தேவையா என்று கேளுங்கள். இதை இந்த மாதமே செய்யலாம்.

இனி வரைபடம். '65 வயதைக் கடந்தவர்கள்' என்ற சொற்றொடருக்குள் 66 வயதுக்காரரும் இருக்கிறார், 91 வயதுக்காரரும் இருக்கிறார். புற்றுநோய் இறப்பைப் பொறுத்தவரை இவர்கள் இருவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இரண்டு பகுதிகளிலும் முதியோர் தலா 10,000 பேர். முதல் பகுதியில் 8,000 பேர் 65 முதல் 74 வயதினர், 2,000 பேர் 75-ஐக் கடந்தவர்கள். அங்கே ஆண்டுக்கு இளைய பிரிவில் ஆயிரத்துக்கு 5 பேரும், மூத்த பிரிவில் ஆயிரத்துக்கு 12 பேரும் புற்றுநோயால் இறக்கிறார்கள். 40-உம் 24-உம் சேர்த்து மொத்தம் 64. இரண்டாம் பகுதியில் இரு பிரிவிலும் 5,000 பேர். இறப்போ ஆயிரத்துக்கு 4, ஆயிரத்துக்கு 11. அதாவது எந்த வயதுக்காரருக்கும் இரண்டாம் பகுதியே பாதுகாப்பானது. ஆனால் மொத்தம் 20-உம் 55-உம் சேர்ந்து 75 ஆகிவிடுகிறது. வரைபடத்தில் சிவப்பாகத் தெரியப்போவது இந்த இரண்டாம் பகுதிதான். மக்கள் நீண்ட காலம் வாழ்கிற ஊர் என்ற ஒரே காரணத்தால் அதற்குக் கெட்ட பெயர்.

இதைச் சரிசெய்யத்தான் 'வயதுத் திருத்தம் செய்த விகிதம்' என்ற ஒன்றை வைத்திருக்கிறோம். எல்லாப் பகுதிகளிலும் வயதுப் பகிர்வு ஒன்றுபோல இருந்தால் இறப்பு எவ்வளவு இருக்கும் என்று அது சொல்லும். உங்கள் மகள் அனுப்பிய படத்தின் அடிக்குறிப்பில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இரு நிறங்களையும் ஒப்பிடவே முடியாது. இருந்தாலும், 65–74, 75–84, 85-க்கு மேல் எனத் தனித்தனியாகப் பிரித்த அட்டவணை கிடைத்தால் அதையே நம்புவேன். உங்கள் வயதுப் பிரிவின் வரி ஒன்றுதான் உங்களுக்குத் தேவை.

'ஏறிக்கொண்டே வந்திருக்கிறது' என்ற குறிப்பு எதைச் சொல்கிறது? இறப்புகளின் எண்ணிக்கையையா, விகிதத்தையா? இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகலாம். அமெரிக்காவில் 1991-இல் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். 2022-இல் சுமார் 6 லட்சத்து 8 ஆயிரம் பேர். எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் வயதுத் திருத்தம் செய்த விகிதம் அதே காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. புகைப்பழக்கம் குறைந்தது, சில புற்றுநோய்கள் முன்கூட்டியே கண்டறியப்பட்டன, சிகிச்சையும் மேம்பட்டது. இன்னொரு பக்கம், மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் அறுபதுகளில் போய்விட்டிருக்கக்கூடியவர்கள் எண்பதுகள்வரை வாழ்கிறார்கள். புற்றுநோய் வருகிற வயதை எட்டுபவர்கள் பெருகினால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்.

உங்கள் பகுதியின் மக்கள்தொகை சிறியது என்றால் தற்செயலுக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு சராசரியாக 7 இறப்புகள் நிகழக்கூடிய இடத்தில் ஓராண்டு 3, இன்னோராண்டு 12 என்று வருவது காரணமே இல்லாமல் நடக்கக்கூடியது. அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு மிகக் குறைவாக இருக்கும் கவுன்டிகளை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளை) தேடினால், பெரும்பாலும் மக்கள் அடர்த்தி குறைந்த கிராமப்புறங்களே வரும். நல்ல காற்று, அமைதியான வாழ்க்கை என்று உடனே காரணம் சொல்லத் தோன்றும். மிக அதிகமாக இருக்கும் கவுன்டிகளைத் தேடினாலும் அதே வகைக் கிராமப்புறங்களே வரும். சிறிய எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஊசலாடுகிறது, அவ்வளவுதான். ஒரே ஆண்டின் எண்ணை விட்டு, குறைந்தது ஐந்தாண்டுகளின் கூட்டு எண்ணைக் கேளுங்கள்.

அடுத்தது, எண்கள் பிறக்கும் இடம். பதிவேட்டுப் பணியில் நான் புரட்டிய இறப்புப் படிவங்களில் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. 83 வயது ஆண். இறப்புக்குக் காரணம்: 'இதயச் செயலிழப்பு'. அதன் கீழே, அடிப்படைக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில்: 'முதுமை'. அவருடைய பழைய மருத்துவத் தாள்கள் கோப்பின் பின்னால் இணைக்கப்பட்டிருந்தன. பதினான்கு மாதங்களுக்கு முன் சிறுநீரில் இரத்தம், ஒன்பது கிலோ எடைக்குறைவு, 'வயதாகிவிட்டது, மேல் பரிசோதனை வேண்டாம் எனக் குடும்பத்தார் விருப்பம்'. ஸ்கேனும் எடுக்கவில்லை, பயாப்சி என்ற திசுப் பரிசோதனையும் செய்யவில்லை. அவருக்குப் புற்றுநோய் இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வரைபடத்தில் அவர் ஊருக்கு ஒரு புற்றுநோய் இறப்பு குறைவு. இப்படிப்பட்ட படிவங்கள் நிறைந்த பகுதி வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். அங்கே ஒரு நல்ல மருத்துவமனை வந்து, முதியவர்களையும் முறையாகப் பரிசோதிக்கத் தொடங்கினால், சில ஆண்டுகளில் நிறம் அடர்த்தியாகும். நோய்ப்பரவல் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ ஆகிய இருவரும் 1981-இல் அமெரிக்கப் புற்றுநோய்ப் போக்குகளை ஆராய்ந்தபோது, 65 வயதுக்குக் குறைந்தவர்களின் இறப்பு எண்களையே ஆதாரமாகக் கொண்டார்கள். முதியோரின் எண்களில் நோய் கூடியதையும், நோயறிதல் கூடியதையும் பிரிப்பது கடினம் என்பதே காரணம். ஆகவே நீங்கள் போக நினைக்கும் பகுதியில் 'முதுமை', 'காரணம் தெளிவில்லை' என்று பதிவான இறப்புகள் எத்தனை விழுக்காடு என்று அவசியம் பாருங்கள். அது அதிகமென்றால் அந்த மஞ்சளுக்கு மதிப்பில்லை.

இத்தனை சல்லடைகளுக்குப் பிறகும் வேறுபாடு எஞ்சி நின்றால், அது உண்மையான வேறுபாடு. உலகில் அப்படிப்பட்டவை நிறையவே இருக்கின்றன. கல்லீரல் புற்றுநோயில் மங்கோலியா முதலிடத்தில் நிற்பதற்கு ஹெபடைடிஸ் பி, சி, டி கிருமிகள் அங்கே பரவிக் கிடந்தது முக்கியக் காரணம். வடக்கு ஈரானின் கோலெஸ்தானிலும் சீனாவின் லின்சியனிலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் பல தலைமுறைகளாக மிக அதிகம். ஹங்கேரியின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஐரோப்பாவின் முன்வரிசையில் இருக்கக் காரணம் புகையிலை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1975-இல் கவுன்டி வாரியான வரைபடங்களை வெளியிட்டபோது, தென்கிழக்கு மாநிலங்களில் பெண்களின் வாய்ப்புற்றுநோய் இறப்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. நேரில் போய் விசாரித்ததில், இளவயதிலிருந்தே மூக்குப்பொடி வகைப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் காரணம் என்று வெளிவந்தது. அட்லாண்டிக் கரையோரம் ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்ததைத் துருவியபோது, இரண்டாம் உலகப்போர்க் காலக் கப்பல் கட்டும் தளங்களின் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) வரை போய்ச் சேர்ந்தது. போர் முடிந்து அதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

உங்கள் கேள்விக்கான விடை அந்த முப்பது ஆண்டுகளில்தான் இருக்கிறது. வடக்கு சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரம் 1958-இல் புதிய ஆற்றுநீரைக் குடிநீராகப் பெற்றது. அதில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் மிக அதிகம். 1970-இல் அதை நீக்கும் நிலையம் வந்துவிட்டது. ஆனால் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்புகள் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உயர்ந்தே இருந்தன. ஒரு பகுதியின் முதியோர் இன்று இறக்கும் விகிதம், அவர்கள் இருபது, முப்பது, நாற்பது வயதில் எதைக் குடித்தார்கள், எதைச் சுவாசித்தார்கள், எந்தக் கிருமியைச் சுமந்தார்கள் என்பதன் கணக்கு. ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்களைப் பார்த்தாலும் இதுவே தெரியும். வயிற்றுப் புற்றுநோய் ஆபத்து, குடியேறிய தலைமுறையிடம் பெருமளவு தங்கியே இருந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளிடம்தான் நன்றாகக் குறைந்தது. 67 வயதில் நீங்கள் இடம் மாறினால், புதிய ஊரின் விகிதம் உங்களுக்கு வந்துவிடாது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இரண்டையும் வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒன்று, நிலத்திலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த முக்கியக் காரணங்களில் அது ஒன்று. உலகச் சுகாதார அமைப்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரலை (கதிரியக்கத்தின் அலகு) வரையறையாகப் பரிந்துரைக்கிறது. மற்றது, நிலத்தடி நீரில் உள்ள ஆர்செனிக்; வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் ரேடான் அளவு மாறும். அதனால் வட்டாரத்தின் சராசரியை நம்பாமல் உங்கள் வீட்டை அளப்பதே சரி.

புகைக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. புகைத்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம். 1951-இல் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வில், 60 வயதில் புகையை விட்டவர்களுக்குக்கூட சராசரியாக மூன்றாண்டு ஆயுள் கூடியது. 'இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது' என்று சொல்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையை ஒருமுறையாவது இருவரும் செய்துகொள்ளுங்கள். சி இருப்பது தெரிந்தால் சில மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். குடல் பரிசோதனையைப் பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் 75 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கின்றன. நீங்கள் இருவரும் அந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். உங்கள் மனைவி மார்பகப் பரிசோதனையையும் விட்டுவிட வேண்டாம். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையை மட்டும், நன்மை தீமைகளை மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். முதிய வயதில் தொந்தரவே தராத கட்டிகளையும் அது கண்டுபிடித்துக் கொடுக்கும்.

இடத்தால் உண்மையிலேயே மாறக்கூடிய ஒன்று மிச்சமிருக்கிறது. நோய் வந்தால் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள், எப்படிச் சிகிச்சை தருவார்கள் என்பதுதான் அது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஆயுள், கல்வி, வருமானம் ஆகியவற்றை அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் மிக உயர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். அதே குறியீட்டில் தாழ்ந்த நாடுகளில் 27 பெண்களில் ஒருவருக்குத்தான் நோய் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். நோய் குறைவு, சாவு அதிகம். ஒரு நாட்டுக்குள்ளேயே நகரத்துக்கும் உட்பகுதிக்கும் இடையில் இதே இடைவெளி பல இடங்களில் இருக்கிறது.

எனவே மஞ்சள் பகுதியைப் போய்ப் பார்க்கும்போது வீட்டின் கதவு, சன்னலோடு இதையும் பாருங்கள். பயாப்சி செய்து முடிவு சொல்லும் ஆய்வகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் எங்கே? அந்தச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஆறேழு வாரம் நீளும். படுக்கையில் கிடத்திக் கதிர் செலுத்துவது சில நிமிட வேலைதான். போய்வருவதில்தான் நாள் போகும். ஒருவழிப் பயணமே மூன்று மணி நேரம் என்றால், 75 வயதில் பாதியில் நிறுத்திவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாள்களில் உங்களையோ உங்கள் மனைவியையோ யார் அழைத்துப் போவார்கள் என்று மகளிடம் இப்போதே பேசுங்கள். சிவப்புப் பகுதியில் உங்கள் வீட்டிலிருந்து அந்த நிலையம் அரை மணி நேரத்தில் இருந்து, மகளும் பக்கத்தில் இருந்தால், நான் அங்கேயே இருக்கச் சொல்வேன்.