மறுமொழி: இருபது கிலோ நாய்க்குப் பச்சை இறைச்சி, கட்டுப்படியாகும் செலவில்

வணக்கம். உங்கள் சிப்பிப்பாறைக்குத் தினமும் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை மட்டும் பச்சையாகக் கொடுப்பதாகவும், செலவு தாங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். செலவைவிட எனக்குக் கவலை தருவது, அந்த உணவில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய இல்லை என்பதுதான்.

வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு போதும் என்பதால், இருபது கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிராம் ஆகும். அதில் 150 கிராம் கோழிக் கழுத்தாக இருந்தால், சுண்ணாம்புச் சத்துக்கு வேண்டிய எலும்பின் பங்கு நிறைவடையும். 25 கிராம் ஈரல், 25 கிராம் சுவரொட்டி (மண்ணீரல்) அல்லது சிறுநீரகம் சேர்த்து, மீதி 300 கிராமுக்குக் கோழி இதயம், இரைப்பை, கிடைத்தால் மாட்டிறைச்சித் துண்டுகள் என மாற்றி மாற்றிக் கொடுங்கள். கழுத்தும் இரைப்பையும் நெஞ்சுக்கறியைவிட மிக மலிவு. கடைக்காரரிடம் முன்பே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார். ஈரல் மலிவாகக் கிடைக்கிறதே என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். வைட்டமின் ஏ மிகுந்து நாளடைவில் நஞ்சாகும்.

வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும் என்பதால் கழுத்தைப் பச்சையாகவே கொடுக்க வேண்டும். உறைய வைப்பதால் பச்சை இறைச்சியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி சாவதில்லை. வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் பச்சை இறைச்சியே வேண்டாம். அப்போது எலும்பில்லாத இறைச்சியை வேகவைத்து, சுண்ணாம்புச் சத்துக்கு முட்டை ஓட்டுப் பொடி சேர்க்கலாம். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.