டிடிபி கடையிலிருந்து: பிடிஎஃப் கேள்வி பதில்

நாகர்கோவிலில் கடை வைத்திருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை வேர்டில் அடித்து துபாய் மாமாவுக்கு அனுப்பினேன். "என்னடே, இங்கிலீஷ் எழுத்தா வருது" என்கிறார்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள், தம்பி. திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது இங்கிலீஷ் எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். அதற்குத் தமிழ் வேஷம் கட்டுவது பாமினி. நாமாகச் சொல்லாவிட்டால் வேர்டு கோப்பு எழுத்துருவின் பெயரை மட்டும் கொண்டுபோகும். மாமா போனில் பாமினி இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. பிடிஎஃப் ஆக்கினால் எழுத்தின் வடிவமே கூடப் போகும். அடோபி 1993இல் இதைக் கொண்டுவந்ததே எங்கே திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்கத்தான். 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்று பொதுத் தரமும் ஆனது. வேர்டில் 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் கொடுங்கள், போதும்.

அவரே மறுபடி: சரி, ஆனால் அதிலிருந்து மண்டப முகவரியை காப்பி எடுத்தால் பழையபடி கிறுக்கல்தான் வருகிறது?

வரத்தான் செய்யும். அடியில் கிடப்பது அதே இங்கிலீஷ்தானே. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கோப்பில் வைக்கும் யூனிகோடில் அடித்தால் பெரும்பாலும் தப்பலாம். அதிலும் சில பிடிஎஃப்களில் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். அதனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். முகூர்த்த நேரம் மாறிவிட்டது என்று வெறும் பிடிஎஃப்போடு வந்து நிற்பவர்களுக்காக எத்தனை பத்திரிகையைத் திரும்ப அடித்திருக்கிறேன்! வேர்டு மாதிரி இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒன்று உண்டு, மூலக் கோப்பையும் உள்ளேயே பொதிந்துவிடும்.

தக்கலையிலிருந்து: தாத்தா காலத்து மலையாளப் பத்திரத்தை ஸ்கேன் செய்தேன். பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. கோப்பும் 60 எம்பி.

1956 நவம்பரில்தானே நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, இப்படிப் பத்திரம் பல வீட்டில் உண்டு. உங்களிடம் இருப்பது பிடிஎஃப் உறைக்குள் ஒரு போட்டோ. தேட அதில் எழுத்தே இல்லை. படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் போடும்போது மொழியை மலையாளம் என்று வையுங்கள். கையால் எழுதிய பத்திரம் என்றால் ஓசிஆரை நம்ப வேண்டாம். கோப்பின் அளவு குறைய, ஸ்கேன் செய்யும்போது நுணுக்கத்தை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றும், நிறத்தைக் கலருக்குப் பதில் கிரே என்றும் வையுங்கள்.

குளச்சலிலிருந்து: ஆதார் எண்மேல் கறுப்புக் கட்டம் போட்டு அனுப்பிவிட்டேன். போதும்தானே?

போதாது. எண் கட்டத்துக்கு அடியில் அப்படியே இருக்கலாம். செலக்ட் செய்து காப்பி எடுத்தால் வந்துவிடும். ஆதார் தளத்திலேயே கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' இறக்கலாம். மற்ற ஆவணத்துக்கு, கட்டம் போட்ட பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தை பிடிஎஃப் ஆக்குங்கள். அனுப்பியது வாட்ஸப்பில் என்றால் முதலில் போய் 'எல்லோருக்கும் அழி' கொடுங்கள்.