அண்ணனுக்கு நின்ற கல், தம்பிக்கு ஏன் வெளியேறியது?

கேள்வி: எனக்கு 44 வயது. விசைத்தறி ஓட்டுகிறேன். எனக்கும் என் தம்பிக்கும் கிட்னியில் கல். இருவருக்கும் 12 மி.மீ.தான். ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மெஷினில் ஷாக்வேவ் வைத்தார்கள். தம்பிக்கு ஒரே தடவையில் எல்லாம் வந்துவிட்டது. எனக்கு இரண்டு தடவை வைத்தும், ‘லோயர் கேலிக்ஸில் துண்டுகள் சேர்ந்து கிடக்கின்றன’ என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருக்கிறது. மூன்றாவது தடவை வரச் சொல்கிறார்கள். மெஷினில் கோளாறா? வாழைத்தண்டு சாறு குடித்தால் மீதி கரையுமா?
– வாசகர், குமாரபாளையம்

பதில்: மெஷினைச் சந்தேகப்பட வேண்டாம். ரிப்போர்ட்டில் உள்ள ‘துண்டுகள்’ என்ற சொல்லே மெஷின் தன் வேலையைச் செய்துவிட்டது என்று சொல்கிறது. ஷாக்வேவ் என்பது உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலை; அது கல்லை உடைக்கும், அவ்வளவுதான். உடைந்ததை வெளியே கொண்டுவருவது உங்கள் சிறுநீர். அந்த இரண்டாவது வேலைதான் உங்களுக்கு நடக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய நகலில் தம்பியின் கல் ‘ரீனல் பெல்விஸ்’ என்ற இடத்தில் இருந்திருக்கிறது. சிறுநீரகத்தின் எல்லா அறைகளிலிருந்தும் சிறுநீர் வந்து சேரும் நடுக்கூடம் அது. அதன் வாசலிலேயே சிறுநீர்க்குழாய் தொடங்குகிறது; பொடியானது நேரே இறங்கிவிடும். உங்கள் கல் இருந்ததோ ‘லோயர் கேலிக்ஸ்’ என்ற அடி அறையில். தொட்டியின் அடியில் மணல் தங்கி, தண்ணீர் போகும் குழாய் அதற்கு மேலே இருந்தால் என்ன ஆகும்? அதே நிலைதான். நீங்கள் நிற்கும்போதும் உட்காரும்போதும் அந்தப் பொடி மேல்நோக்கி ஏறித்தான் வெளியே வரவேண்டும்.

அடி அறையிலும் எல்லோருக்கும் ஒரே அமைப்பு இல்லை. அறையிலிருந்து நடுக்கூடத்துக்கு வரும் கழுத்து 5 மி.மீ.-க்கும் குறுகலாகவோ, நீளமாகவோ, செங்குத்தாக மடங்கியோ இருந்தால் பொடி தங்கிவிடும். அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் அடி அறைக் கல்லும் வந்துவிடும்.

1980-இல் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌஸி குழுவினர் முதல் நோயாளிக்கு இந்த ஷாக்வேவ் சிகிச்சையைச் செய்தார்கள். அதன்பின் எத்தனையோ மெஷின்கள் வந்துவிட்டன, அடி அறைச் சிக்கல் மட்டும் தீரவில்லை. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், அடி அறைக் கல்லுக்கு ஷாக்வேவ் வைத்தவர்களில் மூன்று மாதம் கழித்துக் கல்லே இல்லாதவர்கள் 37 சதவீதம்தான். முதுகில் துளையிட்டுக் கல்லை எடுக்கும் பி.சி.என்.எல். செய்தவர்களில் அது 95 சதவீதம். சிகிச்சைக்கு முன்பே இதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ‘கல் 12 மி.மீ.’ என்று மட்டும் சொல்வது பாதித் தகவல்.

மேல் அறை, நடு அறை, நடுக்கூடம் ஆகியவற்றில் 2 செ.மீ. வரையுள்ள கல்லுக்கு ஷாக்வேவ் நல்ல வழி. சிறுநீர்க்குழாயின் மேல்பகுதிக்கும் பொருந்தும். குழாயின் நடுப்பகுதியில் இடுப்பெலும்பு மறைப்பதால் குறிவைப்பது கடினம்.

இடம் தவிர, கல்லின் கெட்டித்தன்மையும் உண்டு. சி.டி. ஸ்கேனில் ‘எச்.யு.’ என்று ஓர் எண் இருக்கும். அது 1000-ஐத் தாண்டினால் கல் எளிதில் உடையாது. தோலிலிருந்து கல் வரை 10 செ.மீ.-க்கு மேல் இருந்தாலும் அலையின் வீரியம் குறையும்; உடல் பருமனானவர்களுக்கு இது முக்கியம். உங்கள் கல் உடைந்திருப்பதால் இவை இரண்டும் உங்கள் பிரச்சினையாகத் தெரியவில்லை.

ஆகவே மூன்றாம் தடவைக்கு அவசரப்படாதீர்கள். உடைந்ததை மறுபடி உடைப்பதால் அது மேலே ஏறிவிடாது. முதலில் சி.டி. ஸ்கேன் ஒன்று எடுத்து, துண்டுகளின் அளவையும் அந்தக் கழுத்தின் அமைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறு பொடிதான், வலி இல்லை, கிருமித்தொற்று இல்லை என்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, தலைப்பக்கம் தாழ்வாகப் படுக்கவைத்து, விலாவின் பின்புறம் தட்டிவிடும் முறையும் உண்டு. பயிற்சி உள்ளவர்தான் செய்ய வேண்டும். பெரிய துண்டுகள் என்றால், சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் கேமராவை உள்ளே செலுத்தி லேசரால் பொடியாக்கும் ஆர்.ஐ.ஆர்.எஸ். பற்றிக் கேளுங்கள். உங்கள் இடத்தில் என் சொந்த அண்ணன் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

வாழைத்தண்டு உணவாக நல்லது. கால்சியம் கல்லை அது கரைக்காது. தறிப் பட்டறைச் சூட்டில் வியர்வையாகவே தண்ணீர் போய்விடும். எவ்வளவு குடித்தோம் என்பதைவிட, ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கூடவே விலாவில் வலி வந்தால் இரவு என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். துண்டு குழாயை அடைத்துக் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

தம்பி தன் கல் துண்டுகளை எடுத்து வைத்திருந்தால் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து என்ன வகைக் கல் என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்களுடையதில் ஒரு துண்டு வந்தாலும் அப்படியே செய்யுங்கள். யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால், அதை மாத்திரையாலேயே கரைக்க வழி இருக்கிறது.