நிழல் புல்தரையில் பாசி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மாமரத்தடிப் புல்தரையில் பாசி பரவிவிட்டது. புல்லை அது கொன்றுவிடுமா? (திருநகர் வாசகி)

பதில்: கொல்லாது. பாசிக்கு வேரே கிடையாது. புல் நலிந்து காலியான இடத்தில்தான் அது வந்து படிகிறது. அருகம்புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 மணி நேர வெயில் வேண்டும். காய் பறித்து முடிந்ததும் ஆடி, ஆவணியில் தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். நிழலில் உள்ள புல்லை ஒட்ட வெட்டாமல் 3 அங்குலம் விட்டு வெட்டுங்கள். மாலையில் தண்ணீர் விடாதீர்கள்.

கேள்வி: பச்சையாக ஏதோ படர்கிறது. நல்ல மருந்தாகச் சொல்லவும். (ஊர் எழுதாத வாசகர்)

பதில்: என்ன புல், எத்தனை மணி நேர வெயில், எந்த வேளையில் தண்ணீர் என்று எதையும் எழுதாமல் மருந்து மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? காலில் வழுக்கும் கரும்பச்சைப் படலமா, விரலால் கிள்ளினால் மெத்தையாகப் பெயர்ந்து வருவதா என்றாவது பார்த்து எழுதுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: சுண்ணாம்புத் தூள் தூவினால் பாசி போய்விடும் என்கிறார்கள். எவ்வளவு தூவ வேண்டும்? (அழகர்கோயில் சாலை வாசகர்)

பதில்: ஒரு பிடிகூட வேண்டாம். மழைக்காலம் வந்தால் இந்தக் கேள்வியும் தவறாமல் வந்துவிடுகிறது. மழை மிகுந்த குளிர்நாடுகளில் மண்ணின் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய் அமிலத்தன்மை கூடுவதால் அங்கே தூவுகிறார்கள். அதை அப்படியே மதுரைக்குக் கொண்டுவந்து சொல்கிறவர்கள் நம் மண்ணைக் கையில் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றில் மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பகுதி சுண்ணாம்புதான். அந்தத் தண்ணீரை ஆண்டு முழுவதும் ஊற்றிவிட்டு, மேலே ஒரு மூட்டையும் கொட்டினால், மண்ணில் உள்ள இரும்புச் சத்தைப் புல்லால் எடுக்க முடியாமல் இளம் இலைகள் வெளிறிப் போகும். வெளிறியதைக் கண்டு யூரியா போடுவார்கள், அதனாலும் தீராது. உண்மையான கோளாறு பெரும்பாலும் நிழலும் மண் இறுக்கமும்தான். மழை விட்ட மறுநாள் ஒரு ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துங்கள். 2 அங்குலத்திலேயே நின்றுவிட்டால், அரை அடிக்கு ஒன்றாக 4 அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். அதற்குப் பிறகும் சுண்ணாம்பு போட்டே ஆகவேண்டும் என்று தோன்றினால் முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: அன்னபேதி தெளிக்கலாமா? (கே.கே.நகர் வாசகி)

பதில்: தெளிக்கலாம். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட் உப்பு. 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கரைத்தால் சுமார் 100 சதுர அடிக்குப் போதும். சில நாட்களில் பாசி கறுத்துவிடும்; அதை வாரி அப்புறப்படுத்துங்கள். டைல்ஸிலும் சிமெண்டுத் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது. நிழலும் ஈரமும் அப்படியே இருந்தால் அடுத்த ஐப்பசியில் பாசி திரும்பவும் வரும். மாலையில் தண்ணீர் விடாதீர்கள் என்பதை இங்கும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: புல்லை விட்டுவிட்டுப் பாசியையே தரையாக வளர்த்தால் என்ன? (மேலூர் வாசகர்)

பதில்: கொடைக்கானலில் வளர்க்கலாம். மேலூரில் சித்திரை வெயிலுக்குக் காய்ந்து பழுப்பாகிவிடும். வெயிலே விழாத மூலை என்றால் நிழலில் படரும் அழகுச் செடியான சின்கோனியம் நட்டுவிடுங்கள்.